பிள்ளையைக் காட்டாமல் பிள்ளையின் கதையைச் சொல்லுதல்

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று இயேசுவிடம் வினவினர். அவருடையதுமல்ல, பெற்றோருடையதுமல்ல என்பதே ஆண்டவரின் மறுமொழி (யோவான் 9). ஆயினும் அக்கேள்வி எமது கிராமங்களில் இன்னும் ஓயவில்லை. விருந்தினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர்.

இப்பிள்ளைகளை நன்கறிந்தவர்கள் விசேட கல்வி ஆசிரியர்கள். கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற இடங்களிலும், ஏனைய பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளிலும் பணியாற்றுவோர் காண்பதை ஊர் காண்பதில்லை. அவர்கள் எழுதினால் ஊரின் கண் திறக்கும். ஆனால் எழுதப்படும் பிள்ளைக்கு என்ன நேரும்?

இதைச் சிந்திக்க ஓர் ஆசிரியையின் எழுத்துப் பணி உதவும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1951இல் பிறந்த ரொறி ஹெய்டன், மனவெழுச்சிப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். கைவிடப்பட்டு வதைபட்ட ஆறு வயதுச் சிறுமியொருத்தியுடன் கழித்த மாதங்களை 'வன் சைல்ட்' (ஒரு பிள்ளை) என்னும் நூலாக 1980இல் வெளியிட்டார். அது உண்மைச் சம்பவம், பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. 1984இல் 'த சன்ஃபிளவர் ஃபொறெஸ்ற்' (சூரியகாந்திக் காடு) என்ற நாவலை வெளியிட்டார். நாற்சி ஆட்சியில் ஒரு தாய் பட்ட கொடுமை, பல்லாண்டுகளின் பின்னும் அவரது குடும்பத்தைத் தொடர்வதே அதன் கதை. மாந்தர் கற்பனை, வேதனை கற்பனையன்று. 1983 முதல் 2009 வரை போரைச் சுமந்த எமக்கு இது விளங்கும்.

பெரிய நாட்டில் பெயரை மாற்றினால் பிள்ளையை மறைத்துவிடலாம். ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒருவரையொருவர் அறிந்த எமது ஊரில் அது போதாது. தந்தையின் தொழில், படலையடி வேப்பமரம், பிள்ளையின் ஒரு பழக்கம், ஏதாவதொன்று காட்டிக் கொடுத்துவிடும். பின் அக்காவின் கலியாணப் பேச்சும் குழம்பும். எனவே எமக்குக் கற்பனைக் கதையே பாதுகாப்பு. தாவீதின் பாவத்தை நாத்தான் எடுத்தவுடன் சாடவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னார். அரசர் தமக்கே தீர்ப்பிட்டார் (2 சாமுவேல் 12).

எழுத விரும்பும் ஆசிரியருக்கு:

1. ஒரு பிள்ளையை அப்படியே எடுக்காதீர்கள். பல பிள்ளைகளிடம் கண்டவற்றைச் சேர்த்துப் புதிய பிள்ளையைப் படையுங்கள்.

2. குறையை மட்டும் எழுதாதீர்கள். அப்பிள்ளைக்குக் கோபமும் குறும்பும் விருப்பமும் உண்டு.

3. முடிவில் அற்புத சுகம் வேண்டாம். குணமாகாத பிள்ளையின் பெற்றோரை அது புண்படுத்தும்.

4. எழுதி முடித்ததும், இதை ஒரு தாய் வாசித்தால் தலைகுனிவாரா என்று கேட்டுப்பாருங்கள்.

சிந்தனைக்கு: விசேட தேவையுள்ள பிள்ளையைத் திருவிழாவுக்கு அழைத்துவரத் தடையாக இருப்பது பிள்ளையின் குறையா, எமது பார்வையா?