அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

குன்றத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா போனில் எல்லாம் சொன்னாள். ஒரகடம் கம்பெனியில் உன்னைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்களாம். அதை நம்பி மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போகிறாயாம். உனக்கு ஒரு வீடு அமைய வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

பர்மனென்ட் என்று யார் சொன்னது? சூப்பர்வைசர் சொன்னார், லைனில் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே? அதே ஆட்கள் ‘அடுத்த மாதம் உன் கான்ட்ராக்ட் முடிகிறது’ என்றிருந்தால் உடனே நம்பியிருப்பாயா? எச்.ஆரிடம் ஓடியிருப்பாய், நாலு பேரை விசாரித்திருப்பாய். பிடித்த சேதிக்கு வாய்வார்த்தை போதும், பிடிக்காத சேதிக்கு ஆதாரம் வேண்டும் நமக்கு. ஸீவா குண்டா என்ற உளவியலாளர், காஃபின் பெண்களுக்குக் கெடுதல் என்ற கட்டுரையைப் படிக்கக் கொடுத்து இதைச் சோதித்து, முடிவை 1987-ல் வெளியிட்டார். நிறைய காபி குடிக்கும் பெண்கள்தான் அதை நம்பத் தயங்கினார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை எடுத்துக்கொள். 2006-ல் உற்பத்தி தொடங்கியது. நல்ல காலத்தில் நேரடி வேலையில் மட்டும் சுமார் 8,000 பேர். 2013-ல் வருமான வரி வழக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போவதாக அறிவிப்பும் வந்தது. பெரிய கம்பெனி கைக்குப் போகிறோம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். வழக்கில் சொத்து முடங்கியதால், 2014 ஏப்ரலில் இந்த ஆலையை விட்டுவிட்டே கைமாற்றம் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போனார்கள். நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

அவர்களை ஏமாளிகள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கல்யாணம், தங்கை படிப்பு, வண்டிக் கடன் எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பி இருந்தன. மூடிவிடுவார்கள் என்று நினைக்கவே மனம் இடம் கொடுக்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் உன் மனமும் அப்படித்தான் ஆகும். அதன் பிறகு எந்தச் சேதியையும் உன்னால் நேராகக் கேட்க முடியாது. விசாரிப்பதென்றால் இப்போதே விசாரி.

உன்னைப்போல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பர்மனென்ட் ஆனார்கள் என்று எச்.ஆரிடம் கேள். வெளியே அனுப்பப்பட்ட ஒருவரையாவது தேடிப்போய்ப் பேசு. அவர்கள் இப்போது லைனில் இல்லை, அதனால் அவர்கள் கதை உன் காதுக்கு வருவதில்லை. பர்மனென்ட் ஆர்டர் வராவிட்டால் இப்போதைய சம்பளத்தில் இ.எம்.ஐ. கட்ட முடியுமா என்று எழுதிப் பார்த்து, அந்தக் கணக்கோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மனையின் சர்வே எண்ணை அனுப்பு, வில்லங்கம் நான் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா