யார் பலசாலி?

லாங் ஐலண்ட் ஜெட்டியில் அரிசி மூட்டை இறக்குகிறார்கள். ஒருவரின் எடை 50 கிலோ. இன்னொருவர் 80 கிலோ. இருவரும் ஒரே அளவு மூட்டையைத் தூக்குகிறார்கள். யாருக்குச் சிரமம் அதிகம்? ஒல்லியானவருக்குத்தானே!

பளு தூக்கும் போட்டியிலும் இதே கேள்வி உண்டு. பெரிய உடலில் தசை அதிகம். பலமும் பெரும்பாலும் அதிகம். ஆகவே போட்டிக்கு முன் எல்லோரையும் எடை பார்ப்பார்கள். எடைவாரியாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவினர் தங்களுக்குள் மட்டுமே மோதுவார்கள்.

ஒவ்வொருவரும் இரண்டு விதமாகத் தூக்க வேண்டும். முதலில், ஒரே வீச்சில் தலைக்கு மேல். அடுத்து, தோளில் நிறுத்தி, பிறகு தலைக்கு மேல். இரண்டையும் கூட்டி வெற்றியை முடிவு செய்வார்கள்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நடந்தது. பெண்கள் 69 கிலோ பிரிவில் ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 110 கிலோவும் 130 கிலோவும் தூக்கினார். மொத்தம் 240 கிலோ. வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

அதே போட்டியில் சீன வீராங்கனையும் ஹங்கேரி வீராங்கனையும் சமமாக 242.5 கிலோ தூக்கினார்கள். தங்கம் யாருக்கு? உடல் எடை குறைந்த சீன வீராங்கனைக்கு! அன்றைய விதி அப்படி. 2016-க்குப் பிறகு விதி மாறியது. இப்போது இருவர் சமமானால், அந்த அளவை முதலில் எட்டியவருக்கே வெற்றி.

மணிப்பூரின் மீராபாய் சானு 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். 49 கிலோ பிரிவில் 87 கிலோவும் 115 கிலோவும் தூக்கினார்.

கணக்குப் போடுங்கள், பேசுங்கள்:

1. மீராபாய் தூக்கியது மொத்தம் எத்தனை கிலோ? மல்லேஸ்வரியை விட எவ்வளவு குறைவு?

2. எடைப் பிரிவு இல்லாவிட்டால் மீராபாய்க்குப் பதக்கம் கிடைத்திருக்குமா?

3. பழைய விதி நியாயமா, புதிய விதி நியாயமா? ஏன்?