பந்துக்கு உந்தம் உண்டு, அணிக்கு உண்டா?



அறிவியல் டீச்சர் உந்தம் பாடம் நடத்தினாங்க. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். அது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 0.16 × 40 = 6.4 கி.கி.மீ/வி. இதில் சந்தேகமே இல்லை, விரலில் பட்டவர்களுக்குத் தெரியும்!

ஆனால் டி.வி. வர்ணனையில், "மொமெண்டம் இப்போ இந்தியா பக்கம்" என்கிறார்களே, அது எந்த உந்தம்? அணிக்கு ஏது நிறை, ஏது திசைவேகம்?

இந்தக் கேள்வி எனக்கு வரக் காரணம் உண்டு. போன ஞாயிறு அறுவடை முடிந்த வயலில் எங்களுக்கு 40 ரன் வேணும். 31-க்கு 2 விக்கெட். அப்போ நான் ரன் அவுட். அடுத்து வந்தவங்க எல்லாம் "அவ்ளோதான்டி, போச்சு"ன்னு கண்ணை மூடிக்கிட்டு மட்டையைச் சுத்தினாங்க. 34-ல் ஆல் அவுட். பழி என் மேல!

இது பெரிய ஆட்டத்திலும் நடந்திருக்கு. 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். பாகிஸ்தானை ஜெயிக்க 271 ரன் வேணும். 82-க்கு 5 விக்கெட் விழுந்த பிறகும் டெண்டுல்கர் முதுகுவலியோடு நின்று 136 அடித்தார். 254-க்கு 6. இன்னும் 17 ரன்தான். 'உந்தம்' முழுக்க நம்ம பக்கம். அவர் அவுட்டானார், மீதி 3 விக்கெட்டும் 4 ரன்னில் காலி. 12 ரன்னில் தோல்வி. அந்த உந்தம் எங்கே போச்சு?

2001 மார்ச், கொல்கத்தா இதற்கு நேர் எதிர். தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்து வந்த ஆஸ்திரேலியா 445, நாம் 171, பாலோ ஆன். அடுத்து லட்சுமண் 281, டிராவிட் 180. நாலாம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. கடைசியில் 171 ரன்னில் நமக்கு வெற்றி. 16 வெற்றியின் வேகம் 17-வது ஆட்டத்தைத் தள்ளவில்லையே!

கல்வராயன் மலையில் மழை பெய்தால் கோமுகி ஆற்றில் பின்னால் வரும் தண்ணீர் முன்னால் இருப்பதைத் தள்ளும். ஸ்கோரில் முந்தின ரன் அடுத்த ரன்னைத் தள்ளாது. பந்து வீசுபவர் களைப்பது, மட்டை பிடிப்பவருக்குக் கண் பழகுவது, ஆடுகளம் உடைவது, இவைதான் தள்ளும்.

கணக்கு சார் இன்னொன்றும் சொன்னார். 1985-ல் அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டங்களை ஆராய்ந்த மூன்று பேர், தொடர்ந்து பந்து போட்டவர் அடுத்ததையும் போடுவார் என்பது வெறும் நினைப்புன்னு எழுதினாங்களாம். 2018-ல் வேறு இருவர் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடித்து, கொஞ்சம் உண்மை இருக்குன்னு சொன்னாங்களாம். ஆக, கேஸ் முடியவில்லை!

ஆனால் என் கட்சி இதுதான். எங்க வயலில் போனது உந்தம் இல்லை, "போச்சு"ன்னு நம்பினதுதான் 6 ரன்னைத் தின்னது. தொடர்ச்சியா நடந்தாலே காரணம் இருக்கணும்னு இல்லை. ஒரு ரூபாய் காசை 100 முறை சுண்டினேன், ஒரு இடத்தில் தொடர்ந்து 6 தலை. காசுக்கு என்ன தன்னம்பிக்கையா? நம்பாதவங்க வீட்டில் சுண்டிப் பாருங்க. நான் குறிச்ச தாள் வேணும்னா ஒன்பதாம் வகுப்பில் வந்து கேளுங்க.