செயின்ட் ஆண்ட்ரூஸில் குடியேறுகிறீர்களா?

இந்த ஸ்காட்லாந்துக் கடலோர ஊரில் ரயில் நிலையம் கிடையாது. லூகர்ஸில் இறங்கி 99-ஆம் எண் பஸ்ஸைப் பிடியுங்கள். ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பஸ் இலவசம். அதற்கான அட்டைக்கு வந்தவுடனே விண்ணப்பித்துவிடுங்கள். கையோடு உள்ளூர் டாக்டரிடமும் பெயரைப் பதியுங்கள். காய்ச்சல் வந்தபின் அலைவது பெரும்பாடு. மருந்துச்சீட்டுக்கு இங்கே கட்டணம் இல்லை.

கடற்காற்றில் குடை நிற்காது. தலையை மூடும் மழைக்கோட்டுதான் கைகொடுக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளிவேலைகளை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஊர் சுற்ற ஞாயிறு நல்ல நாள். உலகப் புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் வழக்கமாக அன்று ஆட்டம் இருக்காது, யாரும் நடக்கலாம். இங்குள்ள கோட்டையை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். 1546-47 முற்றுகையில் வெளியே இருந்தவர்கள் சுரங்கம் தோண்ட, உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை வைத்துத் திசை தேடி எதிர்ச்சுரங்கம் குடைந்தார்கள். அவர்கள் முதலில் தோண்டிய குழிகள் திசை தவறின. கடைசியில் ஒன்று எதிரிகளின் சுரங்கத்தைப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சுரங்கம் திறந்திருந்தால் இறங்கிப் பாருங்கள். பாறை ஈரமாக இருக்கும், கூரை தாழ்வு; குனிந்துதான் போக வேண்டும். வழுக்காத ஷூ அவசியம்.