முயலின் பற்கள்: திரும்பத் திரும்ப வரும் நோய் – முக்கியக் குறிப்புகள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முயலின் பல் சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். கால்நடை உதவி மருத்துவர் தேர்வு எழுதுபவர்களுக்கு அதே சூத்திரத்திலிருந்துதான் நோயறிதல் தொடங்குகிறது. பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கூண்டில் வளரும் முயலை மனத்தில் நிறுத்திப் படியுங்கள், மறக்காது.

அடிப்படை

• அறிவியல் பெயர்: ஓரிக்டோலாகஸ் குனிகுலஸ். வரிசை: லாகோமார்ஃபா. எலியும் அணிலும் ரொடென்ஷியா வரிசை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

• அடையாளம்: மேல்தாடையில் இரண்டு பெரிய வெட்டும் பற்களுக்குப் பின்னால் ஆப்பு போன்ற இரண்டு சிறு பற்கள். எலிக்கு இவை கிடையாது.

• பல் சூத்திரம்: 2033/1023. மொத்தம் 28 பற்கள். கோரைப்பல் இல்லை, அந்த இடைவெளி டயாஸ்டீமா.

• எலிக்கு வெட்டும் பற்கள் மட்டுமே வளர்ந்துகொண்டிருக்கும். முயலுக்கோ 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளரும். வெட்டும் பல் வாரத்துக்குச் சுமார் 2 மி.மீ. வளரும்.

காரணங்கள்

• புல்லை அரைக்கும்போது தாடை பக்கவாட்டில் அசைகிறது. புல்லின் நாரும் சிலிக்காவும் கடைவாய்ப் பற்களைத் தேய்க்கின்றன.

• குச்சித் தீவனமும் கேரட்டும் சில கடியில் நொறுங்கிவிடும். தேய்மானம் குறையும், வளர்ச்சி நிற்காது.

• முகம் குட்டையான குள்ள இனங்களிலும் தொங்குகாது இனங்களிலும் தாடைப் பொருத்தக் குறை பரம்பரையாக வரலாம். அத்தகைய முயலை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

• தேயாத மேல் கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழிக்கும். கீழ்ப்பல்லின் கூர்முனை நாக்கைக் கிழிக்கும். அடிக்கடி கேட்கப்படக்கூடிய வேறுபாடு இது.

அறிகுறிகள்

• கேரட்டைக் கண்டதும் ஓடிவரும், முகரும், கவ்வும், கீழே போட்டுவிடும். பசி இருக்கிறது, வாய் வலிக்கிறது.

• தாடைக்குக் கீழே ரோமம் எச்சிலில் நனைந்து ஒட்டியிருக்கும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கையும் குறையும்.

• ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிந்தால் பல்லையும் பார்க்க வேண்டும். கண்ணீர்க் குழாய் மேல் வெட்டும் பல்லின் வேரை ஒட்டிச் செல்கிறது.

• தாடையில் கட்டி: பல்வேர்ச் சீழாக இருக்கலாம். முயலின் சீழ் தயிர்க்கட்டி போல் கெட்டியானது, தானாக வடியாது.

• 12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் அவசர நிலை. குடல் இயக்கம் நின்று உயிர் போகலாம்.

சிகிச்சை

• நகவெட்டியால் பல்லை வெட்டக்கூடாது. நெடுக்கில் பிளந்து வேர்வரை சீழ் பிடிக்கலாம். சுழல்கருவியால் தேய்த்துச் சரிசெய்வதே முறை.

• கடைவாய்ப் பற்களை முழுதாகப் பார்க்கவும் தேய்க்கவும் மயக்க மருந்து தேவை. முயலால் வாந்தி எடுக்க முடியாது. எனவே மயக்கத்துக்கு முன் நாய், பூனையைப்போல் பட்டினி போட வேண்டாம்.

• வேரின் நிலையை எக்ஸ்ரே காட்டும்.

• வெட்டும் பற்கள் மீண்டும் மீண்டும் கோணினால் ஆறையும் அகற்றலாம். பிறகு நறுக்கிய தீவனத்தை உதட்டாலேயே எடுத்துத் தின்னும்.

• வாய்வழி அமாக்சிசிலின், பென்சிலின் தரக்கூடாது. குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து முயல் இறக்கலாம்.

தடுப்பு

• உணவில் 80 விழுக்காட்டுக்கு மேல் புல்லும் காய்ந்த புல்லும் இருக்க வேண்டும். அருகம்புல், கோ-4 புல் ஏற்றவை. குதிரைமசாலில் கால்சியம் அதிகம். வளர்ந்த முயலுக்குக் கொஞ்சமாகத் தரவும்.

• சாலையோரப் புல்லையும் குப்பை, கழிவுநீர் சேரும் இடத்துப் புல்லையும் பறிக்க வேண்டாம். பெரும்பாக்கத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 முதல் ராம்சார் தலம். அங்கும் கை வைக்கக்கூடாது.

• வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வலியை மறைப்பது முயலின் இயல்பு, எடை மறைக்காது.

நிறுவனங்கள்

• சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரி: 1903.

• தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்: 1989.

• இப்பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையம், காட்டுப்பாக்கம்: செங்கல்பட்டு மாவட்டம்.

மாதிரி வினா

ஆறே மாதத்தில் மூன்றாம் முறையாகப் பல் தேய்க்க வந்த முயலின் உரிமையாளரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?

விடை: “ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்கிறது?” கருவியால் தேய்த்தது சில வாரமே தாங்கும், அதன்பின் தினமும் தேய்க்க வேண்டியது புல்.