மலாயாப் பல்கலைக்கழகமும் நம் பிள்ளைகளும்



"பையனைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?" என்று நண்பர்கள் எமது கடைக்கு வந்து கேட்பதுண்டு. பெரும்பாலும் எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகே கேட்கிறார்கள். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டுமே படித்தோம். ஆயினும் மூத்த பிள்ளையின் விஷயத்தில் தவறிவிட்டு, இளைய பிள்ளைக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அதன் வரலாறு. சிங்கப்பூரில் 1905-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும், 1928-இல் திறக்கப்பட்ட ராபிள்ஸ் கல்லூரியும் 1949 அக்டோபர் 8-ஆம் தேதி ஒன்றாகி மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1959-இல் கோலாலம்பூரில் அதன் பிரிவு ஒன்று அமைந்தது. 1962 ஜனவரி 1 முதல் அப்பிரிவு தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

அங்கே தமிழுக்கும் இடமுண்டு. இந்திய ஆய்வியல் துறை 1956-இல் ஏற்பட்டது. அதில் தமிழ் முதன்மை பெறவேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். எளிய தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, அத்துறைத் தலைவர் தனிநாயகம் அடிகளே அதற்கு முன்னின்றார். ஆகவே அது நமக்கு அந்நியமான இடமன்று.

மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல், வர்த்தகம், மொழியியல் முதலியன அங்கே போதிக்கப்படுகின்றன. இஸ்லாமியக் கல்விக்கென்றே தனிக் கழகம் உண்டு. மருத்துவத்துக்கு ஐந்து ஆண்டு, சட்டத்துக்கு நான்கு ஆண்டு.

இனி, வாசலுக்குப் போகும் வழி. எஸ்.பி.எம். சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பட்டப்படிப்பில் சேர இயலாது. ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை படித்து எஸ்.டி.பி.எம். எழுத வேண்டும், அல்லது அரசாங்க மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் பெற வேண்டும். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் கிரெடிட் இருப்பது அவசியம். அது இல்லாவிட்டால் மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' இருந்தும் பிரயோஜனமில்லை. சரித்திரத்திலும் தேறியிருக்க வேண்டும். முயெட் என்னும் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். பிறகு யூ.பி.யூ. என்னும் பொது விண்ணப்பத்தில், விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்தி, குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

பணத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்பதால், இவ்வழியில் சேர்வோருக்குக் கட்டணம் தனியார் கல்லூரியைவிட மிகக் குறைவு. குறைவுபட்டால் பி.டி.பி.டி.என். கடன் உண்டு. வட்டி என்று தயங்குவோர் கவனிக்க: அதில் வாங்குவது ஆண்டுக்கு 1 சதவீதம் 'உஜ்ரா' என்னும் சேவைக் கட்டணம். ஆனால் கடன் கடன்தான். படித்து முடித்ததும் திருப்பிக் கட்ட வேண்டும்.

இனி, நாம் தவறிய இடத்தைச் சொல்கிறோம். இடம் கொடுப்பதற்குப் போடும் 100 புள்ளியில் 90 பரீட்சைக்கு. மீதி 10 விளையாட்டு, சங்கம், சீருடை அணி முதலிய புறப்பாட நடவடிக்கைகளுக்கு. இது நமக்குத் தெரியாது. எமது மூத்த மகன் பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து கல்லாவில் உட்காருவான். "பொறுப்பான பிள்ளை" என்று எல்லோரும் மெச்சினார்கள், நாமும் மகிழ்ந்தோம். பரீட்சையில் நன்றாகவே தேறினான். அவன் கேட்ட படிப்பு கிடைக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பத்தில் அவனுக்கு வந்தது மிகச் சொற்பம். "அத்தா, நான் விளையாடப் போகட்டுமா என்று கேட்டேனே" என்று மட்டும் அவன் சொன்னான். அதற்கு எம்மிடம் பதில் இல்லை.

ஒரு கூலியாளின் மாலைச் சம்பளத்தை மிச்சம் பிடித்தோம். எதை இழந்தோம் என்பது எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை. இன்று எமது மகள் நான்காம் படிவத்தில் படிக்கிறாள். மாலையில் சாரணியர் கூட்டத்துக்குப் போகிறாள். கல்லாவில் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார்.

சகோதரர்களே, பிள்ளை கடைக்கு உதவுவது நல்லதே. விடுமுறையில் வரட்டும். பள்ளி நாட்களில் அவன் மாலைப் பொழுதை அவனுக்கே விட்டுவிடுங்கள். எஸ்.பி.எம். முடிவுக்காகக் காத்திராமல், நான்காம் படிவத்திலேயே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சரக்கு வாங்க எத்தனை ஊர் போகிறோம்! பிள்ளையின் பள்ளிவரை போவது பெரிய தூரமா?