சுத்தமான கொடி தரும் வேலை

திசு வளர்ப்புக்கூட வேலை என்றதும் பலருக்குக் கண்ணாடிக் குப்பியும் அதில் பச்சைக் கன்றும்தான் நினைவுக்கு வரும். சர்க்கரைவள்ளியில் அது பாதி வேலைகூட இல்லை. ‘இந்தச் செடியில் வைரஸ் இல்லை’ என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

முந்தைய பயிரின் கொடியை வெட்டி நடுவதால், ஒருமுறை ஏறிய வைரஸ் அடுத்த போகத்துக்கும் கூடவே வரும். இதன் கடுமையைக் கிழக்கு ஆப்பிரிக்க விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அசுவினி பரப்பும் இறகுத்தேமல் வைரஸ் தனியாக வந்தால் செடி ஓரளவு தாங்கும். வெள்ளை ஈ கொண்டுவரும் வெளிறல் குட்டை வைரஸும் சேர்ந்துகொண்டால் இலை சிறுத்துச் சுருண்டு, விளைச்சலில் பாதிக்கும் மேல் போய்விடும். நைரோபியை அடுத்த முகுகாவில் கென்ய அரசின் தாவரநல நிலையம் அதனால்தான் வைரஸ் நீக்கிய தாய்ச்செடிகளைப் பராமரிக்கிறது.

முதலில் கை பழக வேண்டும். தாய்ச்செடியைச் சில வாரம் வெப்ப அறையில் வைத்து, பிறகு நுண்ணோக்கியின் கீழ் வளர்நுனியை வெட்டி எடுப்பார்கள். அளவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இலைமொட்டு ஒன்றோ இரண்டோ ஒட்டியிருக்கும். பெரிதாக வெட்டினால் செடி சுலபமாகப் பிழைக்கும், வைரஸும் பிழைத்துவிடும். மிகச் சிறிதாக வெட்டினால் குப்பியில் எதுவும் மிஞ்சாது.

அடுத்து வருவது சோதனை. ஆளின் தரம் தெரிவது இங்கேதான். சர்க்கரைவள்ளி நோயை மறைத்து வைத்துக்கொள்ளும். வைரஸ் குறைவாக இருந்தால் எலைசா என்ற ஆய்வகச் சோதனையிலும் தப்பிவிடும். அதனால் ஐப்போமியா செட்டோசா என்ற உறவுக்கொடியில் ஒட்டுக் கட்டி, மூன்று நான்கு வாரம் காத்திருப்பார்கள். வைரஸ் இருந்தால் செட்டோசாவின் புது இலையில் நரம்பு வெளிறும், தேமல் படரும். பிசிஆர் என்ற மரபணுச் சோதனைக்கு வசதி உள்ள இடங்களிலும் இந்த ஒட்டுச் சோதனையைக் கைவிடுவதில்லை. செட்டோசா விதைத்தோல் கெட்டியானது. லேசாகக் கீறி ஊன்றுங்கள். வாரம் தவறாமல் ஊன்றினால்தான் ஒட்டுக்கு ஏற்ற இளங்கன்று எப்போதும் கைவசம் இருக்கும். ஒட்டாத கன்று ஒன்றும், நோய் உறுதியான கொடியை ஒட்டிய கன்று ஒன்றும் பக்கத்திலேயே நிற்கட்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிட்டு முடிவு சொல்வீர்கள்? லேபிளில் தாய்ச்செடி எண்ணும் ஒட்டிய தேதியும் கட்டாயம். எண் அழிந்த செடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் குப்பைக்குத்தான். நடவுப் பருவம் நெருங்கும்போது ‘இந்த ஒருமுறை விட்டுவிடுங்களேன்’ என்று மேலிடத்திலிருந்தே குரல் வரும். அசையாதீர்கள்.

சோதனையில் தேறிய செடிகளைப் பூச்சி அண்டாமல் வைத்திருக்கும் வலைக்கூடத்துக்கு இரட்டைக் கதவு இருந்தால் மட்டும் போதாது. காலையில் முதலில் கூடம், பிறகுதான் வயல். வயலுக்குப் போன சட்டையோடு உள்ளே நுழைந்தால் வெள்ளை ஈயும் கூடவே வரும். மஞ்சள் ஒட்டுப்பொறியைத் தினமும் பாருங்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா, லூசியானா பல்கலைக்கழகங்களும் இப்படி வைரஸ் நீக்கிய மூலச்செடிகளை வழங்குகின்றன. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண்மை, உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்கள் அங்கே பயிற்சிக்கு இடம் உண்டா என்று விசாரிக்கலாம். நேர்காணலில் எத்தனை கன்று உருவாக்கினீர்கள் என்பதோடு, எத்தனையைக் கழித்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்த பின் ஒரு புகார் நிச்சயம் வரும்: “சுத்தமான கொடின்னு குடுத்தீங்க, தேமல் வந்துருச்சே!” வைரஸ் நீக்கிய செடிக்கு எதிர்ப்பு சக்தி ஏதும் கூடிவிடுவதில்லை, வயலில் மறுபடி தொற்றும். அதைக் கொடி கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். புகார் வந்தால் பக்கத்து வயலில் பழைய பயிர் நிற்கிறதா, எத்தனை போகமாக அதே கொடியை வெட்டி நடுகிறார் என்று கேட்டுவிட்டு, நேரில் போய்ப் பாருங்கள். கூடத்து வேலையை முடித்துக்கொண்டு.